0603 என்றால் எந்த 0603?

போர்டு வரையப் பழகும் தங்கச்சிக்கு எழுதுகிறேன், தம்பிகளும் படிக்கலாம். ரெசிஸ்டர் மதிப்பு தப்பாகிவிட்டால் கழற்றி வேறு போடலாம். ஒரு ட்ராக் விட்டுப்போனால் ஜம்பர் வயர் இழுத்து ஒப்பேற்றலாம். ஃபுட்பிரின்ட், அதாவது பொருளின் கால்கள் உட்காரும் பேட் அமைப்பு, தப்பானால் பெரும்பாலும் போர்டையே மறுபடி அடிக்க வேண்டியதுதான். காசு போவது ஒரு பக்கம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின வாரம் கொரியர்காரருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எரிச்சல் இன்னொரு பக்கம். சர்க்யூட்டைப் பத்து முறை சரிபார்க்கிற பிள்ளைகள்கூட, ஃபுட்பிரின்ட் என்று வந்தால் பட்டியலில் பெயரைப் பார்த்து ஒரு க்ளிக் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பெயரை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நம்பக்கூடாது, உன் லைப்ரரியில் நீ எப்படிப் பெயர் வைப்பது, இவ்வளவுதான் இன்றைய பாடம்.

முதலில் எல்லாரும் தெரியும் என்று நினைக்கிற 0603-லிருந்தே தொடங்குவோம். இன்ச் கணக்கில் 0603 என்றால் நீளம் 0.06 இன்ச், அகலம் 0.03 இன்ச், மில்லிமீட்டரில் 1.6 × 0.8. இதே சைஸுக்கு மெட்ரிக் பெயர் 1608. ஆனால் மெட்ரிக்கிலும் ஒரு 0603 இருக்கிறது. அது 0.6 × 0.3 மி.மீ. மட்டுமே, இன்ச்காரர்கள் அதை 0201 என்பார்கள். 0402-க்கும் இதே குழப்பம்தான்: இன்ச் கணக்கில் அது 1.0 × 0.5 மி.மீ., மெட்ரிக் கணக்கில் 0.4 × 0.2 மி.மீ. கெப்பாசிட்டர் பார்ட் நம்பர்களிலேயே இதைப் பார்க்கலாம். டிடிகே நிறுவனத்தில் சி0603 என்று தொடங்கினால் சின்னது, 0.6 × 0.3. கெமெட்டில் சி0603சி என்று தொடங்கினால் பெரியது, 1.6 × 0.8. இரண்டு பேரும் தங்கள் தங்கள் வழக்கப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மாறிப்போனால் என்ன ஆகும்? கைகேட் என்ற போர்டு வரையும் மென்பொருளின் லைப்ரரியில் உள்ள சாதாரண 0603 ரெசிஸ்டர் ஃபுட்பிரின்டில் இரண்டு பேடுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.85 மி.மீ. நீ வாங்கி வந்த மெட்ரிக் 0603-இன் முழு நீளமே 0.6 மி.மீ. ஒரு பேடைத் தொட்டால் இன்னொன்று எட்டாது. அதனால்தான் கைகேட்காரர்கள் ஃபுட்பிரின்ட் பெயரிலேயே இரண்டு எண்ணையும் சேர்த்து வைக்கிறார்கள்: ஆர், 0603, 1608மெட்ரிக் என்று அடிக்கோடு போட்டு வரிசையாக வரும். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போகாதே, இரண்டாவது எண்தான் உனக்கு வேண்டியது.

இன்னொன்றும் கவனி. இந்த இன்ச் எண்கள் உருட்டித் தள்ளிய எண்கள். உண்மையான அளவு அல்ல. 1206-ஐ அப்படியே கணக்குப் போட்டால் 3.05 × 1.52 வரும். உண்மையில் அது 3.2 × 1.6 மி.மீ. ஆகவே எண்ணை 25.4-ஆல் பெருக்கி பேட் போடலாம் என்று கிளம்பாதே.

நாலு இலக்கம் இருந்தால் எல்லாம் இன்ச் என்றும் நினைத்துவிடாதே. எல்இடி ஸ்ட்ரிப்பில் வரும் 5050, 3528, 2835 எல்லாம் மெட்ரிக், 5.0 × 5.0, 3.5 × 2.8 என்று படிக்க வேண்டும். ஆனால் அதே கடையில் அதே டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற 0805 எல்இடி இன்ச். எஸ்எம்டி கிரிஸ்டலில் 3225 என்றால் 3.2 × 2.5 மி.மீ. பவர் இண்டக்டரில் இன்னொரு கூத்து: தையோ யூடனின் என்ஆர்4018 என்றால் 4 × 4 மி.மீ., உயரம் 1.8. கடைசி இரண்டு இலக்கம் அகலமே இல்லை, உயரம். சிஆர்2032 பேட்டரியும் இந்த ஜாதிதான். விட்டம் 20, உயரம் 3.2. டேன்டலம் கெப்பாசிட்டருக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பெயர் உண்டு. அதன் இஐஏ பெயர் 3216-18, 3528-21, 6032-28, 7343-31 என்று போகும். கோட்டுக்குப் பின்னால் வருவது உயரம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். 7343-43 என்று ஒன்று உண்டு. பேட் அதேதான், ஆனால் உயரம் 4.3 மி.மீ. பெட்டிக்குள் மூடி இடிக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. டெய்லரிடம் போய் சைஸ் 36 என்றால் அவர் தலையாட்டிவிட்டு, அளவு ப்ளவுஸ் எங்கே என்றுதான் கேட்பார். உனக்கு அளவு ப்ளவுஸ் டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் மெக்கானிக்கல் படம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அந்தப் படத்தில் நாலு எண்ணைத் தேடு: உடல் நீளம் அகலம், கால் நுனியிலிருந்து எதிர்க் கால் நுனி வரை, கால் அகலம், கால்களுக்கு இடையே பிட்ச். இந்த நாலும் ஃபுட்பிரின்டோடு ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஐசி பெயரைப் பிரித்துப் படிப்பது

கைகேட்டில் எஸ்ஓஐசி-8, 3.9x4.9மிமீ, பி1.27மிமீ என்று ஒரு பெயர் பார்ப்பாய். எட்டுக் கால், உடல் 3.9 அகலம் 4.9 நீளம், பிட்ச் 1.27. இதே பொருளுக்கு ஐபிசி-7351 என்ற தரநிலையின் முறையில் பெயர் எஸ்ஓஐசி127பி600எக்ஸ்175-8என் என்று வரும். 127 என்றால் பிட்ச் 1.27; 600 என்றால் 6.00 மி.மீ.; 175 என்றால் அதிகபட்ச உயரம் 1.75, பிறகு கால் எண்ணிக்கை. இந்த 6.00 உடல் அகலம் இல்லை, கால் நுனி முதல் எதிர் நுனி வரை. ஒரு முறையில் உடலையும் இன்னொரு முறையில் கால் விரிவையும் எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அளவு வேறாக இருக்கிறதே என்று பதறும் பிள்ளைகள் உண்டு.

எஸ்ஓஐசி-8 என்று மட்டும் சொன்னால் போதாது. ஃப்ளாஷ் மெமரி சிப் வாங்கினால் இது தெரியும். வின்பாண்ட் டபிள்யூ25க்யூ வரிசை எட்டுக் கால் எஸ்ஓஐசியில் 150 மில், 208 மில் என்று இரண்டு அகலத்தில் வருகிறது. பார்ட் நம்பரில் எஸ்என் இருந்தால் ஒடுக்கமானது, எஸ்எஸ் இருந்தால் அகலமானது. மில் என்றால் மில்லிமீட்டர் அல்ல. இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. ஆக உடல் ஒன்று 3.9 மி.மீ., இன்னொன்று 5.2 மி.மீ. சுமார். பதினாறு கால் எஸ்ஓஐசியிலும் 3.9, 7.5 என்று இரண்டு உடல் உண்டு. மேக்ஸ்232 இரண்டிலும் கிடைக்கும். டிஐபியிலும் இதே கதை: ஏடிமெகா328பி-யின் 28 கால் டிஐபியில் இரண்டு வரிசைக்கும் இடையே 7.62 மி.மீ.; பழைய 27சி256 ஈப்ராமும் 28 கால்தான், ஆனால் 15.24. கைகேட் பெயரில் டபிள்யூ7.62, டபிள்யூ15.24 என்று இருப்பது இதற்காகத்தான்.

உடல் ஒன்றாக இருந்து பிட்ச் மாறுவதும் உண்டு. ஏடிமெகா328பி-யின் டிக்யூஎஃப்பி-32, எஸ்டிஎம்32எஃப்103சி8-இன் எல்க்யூஎஃப்பி-48, இரண்டுமே 7 × 7 மி.மீ. முன்னதன் பிட்ச் 0.8, பின்னதன் பிட்ச் 0.5.

க்யூஎஃப்என் பெயரில் 1இபி என்று ஒட்டிக்கொண்டு வந்தால் அடிவயிற்றில் ஒரு பெரிய பேட் இருக்கிறது என்று அர்த்தம். அதன் அளவும் பெயரிலேயே பின்னால் வரும். உடல், பிட்ச் எல்லாம் ஒத்துப்போய், அடி பேட் அளவு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரியதாகப் போட்டுவிட்டால் சுற்றியுள்ள கால்களோடு ஷார்ட் ஆகும் அபாயம். ஸ்டென்சிலில் அந்த பேட் முழுவதும் பேஸ்ட் பூசவிடாதே. சின்னச் சின்ன ஜன்னலாகப் பிரித்துவிடு, இல்லையென்றால் ஐசி பேஸ்ட்டின் மேல் மிதந்து சாய்ந்துகொள்ளும். கையால் சோல்டர் செய்வதாக இருந்தால் அடி பேடின் நடுவில் ஒரு பெரிய துளை விட்டுவிடு. பின்பக்கத்திலிருந்து அயர்ன் முனையைக் காட்டி ஒட்டலாம்.

டையோடு பெயர்கள் தனி ரகம். எஸ்எம்ஏ, எஸ்எம்பி, எஸ்எம்சி என்று சைஸ் ஏறிக்கொண்டு போகும். இவற்றின் ஜெடெக் பெயர்கள் டிஓ-214ஏசி, டிஓ-214ஏஏ, டிஓ-214ஏபி. எழுத்து வரிசையைப் பார்த்து ஏஏ-தான் சின்னது என்று எடுத்தால் எஸ்எம்பி வந்து நிற்கும். சின்னது ஏசி. கடையில் எம்7 என்று அச்சடித்து வரும் எஸ்எம்டி 4007 இந்த எஸ்எம்ஏ உடலில்தான் வருகிறது.

எஸ்ஓடி-23 என்றால் மூன்று காலும் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆனால் எந்தக் கால் எது என்பதை ஃபுட்பிரின்ட் சொல்லாது. அது சிம்பலின் வேலை. டிஓ-92-இலும் அப்படியே. பிசி547-இன் தட்டைப் பக்கத்தை உன்னைப் பார்க்க வைத்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் ஒன்றைச் செருகிவிட்டு, ஃபுட்பிரின்டின் மேல் பழி போடாதே.

பிட்ச்சில் ஒளிந்திருக்கும் 0.04

கனெக்டர் வாங்கும்போது கடைக்காரர் இரண்டரை மி.மீ. என்பார். ஜேஎஸ்டி எக்ஸ்எச் கனெக்டரின் பிட்ச் 2.50. சாதாரண ஹெடர் பின்னின் பிட்ச் 2.54. இரண்டு காலுக்கு வித்தியாசமே தெரியாது. பத்துக் காலில் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே ஒன்பது இடைவெளி. ஒன்பது முறை 0.04 என்றால் 0.36 மி.மீ. அழுத்தினால் பின் வளையும், துளைக்குள் போகாது. ஸ்க்ரூ டெர்மினலில் 5.00, 5.08 என்று இரண்டு உண்டு. ஐசிகளில் 0.635, 0.65 என்று இரண்டு உண்டு. பிட்ச்சை இரண்டு தசம இலக்கமாவது எழுதாத பெயரை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

அளவெடுக்கும்போது ஒரு இடைவெளியை அளக்காதே. முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை வெர்னியரில் அளந்து, கால் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயர் இல்லாத கனெக்டரைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை.

பேடை எவ்வளவு நீட்டுவது

ஐபிசி-7351 முதலில் 2005-இல் வந்தது, பி பதிப்பு 2010-இல். அதில் ஒரே பொருளுக்கு மூன்று அளவு பேட் சொல்லியிருக்கிறார்கள். பெயரின் கடைசி எழுத்தைப் பார்: எம் என்றால் தாராளம், என் என்றால் நடுத்தரம், எல் என்றால் சிக்கனம். மேலே எஸ்ஓஐசி பெயரின் கடைசியில் என் வந்ததே, அது இதுதான். காலின் நுனியிலும் குதியிலும் பக்கவாட்டிலும் சோல்டர் ஏறி நிற்க எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் மூன்றும் வேறுபடும். அதிர்வு உள்ள இடத்துக்கும் கையால் ரிப்பேர் பார்க்க வேண்டிய போர்டுக்கும் எம் நல்லது. எல் என்பது செல்போன் மாதிரி இடமே இல்லாத போர்டுக்கு. நமக்கு என் போதும்.

கைகேட்டில் ஹேண்ட்சோல்டர் என்று முடியும் பெயர்கள் உண்டு. 0603 ரெசிஸ்டரின் பேட் நீளம் சாதாரண ஃபுட்பிரின்டில் 0.8 மி.மீ.; ஹேண்ட்சோல்டரில் 0.98. கூடுகிற நீளம் முழுக்க வெளிப்பக்கம்தான், அயர்ன் முனையை வைக்கத் தோதாக. முதல் போர்டு போடுகிறவள் 0805-ஐ எடுத்துக்கொள். 0603 கை பழகிய பிறகு. 0402-ஐக் கையால் ஒட்டுவேன் என்று சபதம் போடுவதில் எனக்கு மரியாதை இல்லை.

ஒரு பொருளின் இரண்டு பேடிலும் செம்பு சமமாக இருக்கட்டும். ஒரு பேட் கிரவுண்ட் ப்ளேனில் அப்படியே முழுகி, மறு பேட் மெல்லிய ட்ராக்கில் நின்றால், ரீஃப்ளோவில் ஒரு பக்கம் முன்னே உருகி சின்ன ரெசிஸ்டரைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். ஃபுட்பிரின்டைச் சுற்றி ஒரு மெல்லிய கட்டம் இருக்கும், கோர்ட்யார்டு என்பார்கள். ஐபிசி நடுத்தர அளவில் அது பொதுவாக 0.25 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். இரண்டு பொருளின் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் டிஆர்சி, அதாவது மென்பொருளின் விதிச் சோதனை, கத்தும். இடம் போதவில்லை என்று அந்த எச்சரிக்கையை அணைத்துவைக்கிற பழக்கம் வேண்டாம்.

துளை போடும் பொருள்களுக்கு

கால் தடிமன் எவ்வளவோ அதோடு 0.2 முதல் 0.25 மி.மீ. கூட்டி துளை போடு. கால் வாட் ரெசிஸ்டரின் கால் 0.6-க்குள் இருக்கும், துளை 0.8 போதும். 1என்4007-இன் கால் அதிகபட்சம் 0.86 வரை போகும், 0.8 துளையில் அது நுழையாது, 1.1 போடு. ஹெடர் பின் சதுரம், பக்கம் 0.64 மி.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை அளக்க வேண்டும், 0.9 வரும். அதனால்தான் பல லைப்ரரிகளில் ஹெடர் துளை 1.0 மி.மீ. நீ கொடுக்கும் அளவு, உள்ளே செம்பு பூசி முடித்த பிறகு இருக்கும் அளவு என்று தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஆர்டர் போடும் இடத்தின் விதியை ஒருமுறை படித்துவிடு.

ரிலே, ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச் படங்களில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் பாட்டம் வியூ என்று இருக்கும். அது காலைப் பார்த்து வரைந்த படம். அப்படியே போர்டில் வரைந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பொருளில் இது கண்ணுக்குத் தெரியாமலே நழுவும்.

கோடு, புள்ளி, முதல் கால்

டையோடில் கோடு இருக்கும் பக்கம் கேத்தோடு. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். டேன்டலத்தில் கோடு இருக்கும் பக்கம் பிளஸ். கைகேட்டில் டையோடுக்கும் எல்இடிக்கும் முதல் கால் கேத்தோடு. போலாரிட்டி உள்ள கெப்பாசிட்டருக்கு முதல் கால் பிளஸ். வேறு இடத்திலிருந்து இறக்கிய சிம்பலில் ஆனோடை முதல் காலாக வைத்திருப்பார்கள். சிம்பல் ஒரு வீட்டிலிருந்தும் ஃபுட்பிரின்ட் இன்னொரு வீட்டிலிருந்தும் எடுத்தால் டையோடு திரும்பி உட்கார்ந்துகொள்ளும். சில்க்ஸ்கிரீனில் முதல் கால் புள்ளியை ஐசிக்கு அடியில் வைக்காதே. ஒட்டி முடித்த பிறகும் வெளியே தெரிய வேண்டும்.

அசெம்பிளிக்கு வெளியே கொடுத்தால், ஐசி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று அவர்கள் காட்டும் படத்தில் ஒவ்வொன்றாகப் பார். பூஜ்ஜிய கோணம் என்று எதைச் சொல்வது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. முதல் கால் மேல் இடது மூலை என்பார்கள் சிலர், கீழ் இடது மூலை என்பார்கள் சிலர். 90 டிகிரி திரும்பிய ஐசிகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

உன் லைப்ரரிக்கு நீ வைக்கும் பெயர்

மென்பொருளோடு வரும் லைப்ரரியில் கை வைக்காதே. நீ வரைந்ததற்கும் திருத்தியதற்கும் தனி லைப்ரரி வை. பெயரில் இந்த வரிசை போதும்: உடல் வகை, கால் எண்ணிக்கை, உடல் அளவு, பிட்ச், ஏதாவது விசேஷம். எல்லாம் மில்லிமீட்டரில், நடுவில் இடைவெளி விடாமல் அடிக்கோடு போட்டு. ரெசிஸ்டர், எஸ்ஓஐசி மாதிரி பொதுவான உடலுக்குக் கம்பெனி பெயர் வேண்டாம். கனெக்டர், ஸ்விட்ச், மாட்யூல் மாதிரி ஒருவரிடம் மட்டும் கிடைப்பதற்குக் கம்பெனியும் பார்ட் நம்பரும் பெயரில் கட்டாயம் வேண்டும். புதியது, புதியது2, ஃபைனல், நிஜ ஃபைனல் என்று பெயர் வைத்த லைப்ரரிகளைப் பார்த்திருக்கிறேன். வைத்தவருக்கே ஆறு மாதத்தில் எது எதென்று தெரியாது. விளக்கக் கட்டத்தில் எந்த டேட்டாஷீட், எந்தப் பக்கம், எந்தப் படம் என்று ஒரு வரி எழுதிவிடு. ஒருமுறை போர்டு அடித்து, பொருள் சரியாக உட்கார்ந்துவிட்டால் அதையும் அங்கேயே குறித்துவை. அந்தக் குறிப்பு இல்லாத ஃபுட்பிரின்ட், உன்னுடையதாகவே இருந்தாலும், சோதிக்காததுதான்.

இறக்குமதி செய்யும் ஃபுட்பிரின்ட்களைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: எடுத்துக்கொள், ஆனால் டேட்டாஷீட்டின் நாலு எண்ணோடு ஒத்துப்பார்க்காமல் போர்டில் வைக்காதே. சமயத்தில் வரைவதைவிட சரிபார்க்க நேரம் அதிகம் ஆகும். அப்போது நீயே வரைந்துவிடுவது மேல்.

போர்டு தயாரிக்கக் கெர்பர் ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பக்கம் ப்ரின்ட் எடு. ஃபிட் டு பேஜ் தேர்வை எடுத்துவிட்டு, 100 சதவீதத்தில். ஓரத்தில் 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வைத்து, ப்ரின்ட் வந்ததும் ஸ்கேலால் அளந்து பார். 49 என்று காட்டினால் அந்தக் காகிதத்தை நம்பாதே. சரியாக இருந்தால், வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளையும் அதன் இடத்தில் வைத்துப் பார். கனெக்டரின் காலைக் காகிதத்தில் குத்திப் பார். பொருள் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் போர்டை ஆர்டர் போடாதே, பொருள் வந்த பிறகு போடு. எங்கேயாவது சந்தேகம் வந்தால் தாராளமாகக் கேள். ஆனால் ஃபுட்பிரின்ட் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதே, டேட்டாஷீட்டின் அளவுப் பக்கத்தோடு வா.